வேலாயுதம் சாரங்கு தேடிய மங்கல்கள்

நடுத்தீவில் உள்ள ரங்கத்திலிருந்து வந்த கப்பலில் இறங்கிய ஒருவர், ஜெட்டியில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்து, நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். மழையில் அதன் ஓரம் நனைந்திருந்தது. செல்லம்மா மதினி எழுதியது. "தம்பிக்கு. அவர் வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார். நாலு நாள் காய்ச்சல். உங்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்." அவ்வளவுதான். நான் படித்தபோது செவ்வாய்க்கிழமை ஆகியிருந்தது. எரித்துச் சாம்பலைக் கரைத்தும் முடித்திருப்பார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அடுத்த கப்பல் என்றைக்கு என்று கேட்டதற்கு, கடல் அடங்கட்டும் என்றார்கள். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூரில் நம் ஆட்கள் கூடி அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். எழுந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வேலாயுதம் சாரங்கு போல ஒரு உண்மையான மனிதரைப் பார்ப்பது கடினம். யாரும் அவர்மேல் குற்றம் சொல்லாதபோதே விசாரணையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னவர் அவர். கடைசியில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து, தோளைத் தட்டி உட்கார வைத்தீர்கள். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு என் தோளைத் தட்டலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் இராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இந்தத் தீவுக்கு வந்து ஒரு மர கான்ட்ராக்டரிடம் சாரங்காகச் சேர்ந்தார். லாஞ்சு ஓட்டுபவருக்கு இங்கே அதுதான் பெயர். காலையில் சாத்தம் ஜெட்டியிலிருந்து கூலியாட்களை எதிர்ப்பக்கம் பாம்பூஃபிளாட் கரைக்குக் கொண்டுபோய் விடுவார். பொழுது சாயும்போது திரும்ப அழைத்து வருவார். நான் அதே கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் கிளார்க். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ஷாதிபூரில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். தீவில் ஆபீஸ்காரன் எவனும் 'பாபு' என்பதால் அவருக்கும் நான் பாபுதான். பிள்ளையில்லாத வீடு அது. செல்லம்மா மதினி வளர்த்த கோழிகள்தான் அங்கே சத்தம் போடும்.

எங்களை நெருக்கமாக்கியது ஒரு புத்தகம். சர்வே கப்பலில் வந்த ஒரு எஞ்சினீயர் ஊர் திரும்பும்போது, வானத்தைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்ட இந்தச் சாரங்குக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டெலஸ்கோப்பை வீட்டிலேயே செய்வது எப்படி என்ற ஆங்கிலப் புத்தகம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு மழைநாள் அதை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்.

"படத்தைப் பாத்தா நம்மளே செஞ்சிரலாம் போல இருக்கு பாபு. எழுத்துல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

அந்த மழைக்காலம் முழுக்க வாசித்தேன். நான் ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஜப்பான்காரன் காலத்தில் உடைந்துபோன ஒரு கப்பலிலிருந்து இரண்டு தடித்த ஜன்னல் கண்ணாடிகள் கிடைத்தன. முற்றத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாயின் மேல் ஒன்றைப் பதித்து, மற்றதை அதன்மேல் வைத்து, இடையில் கருந்தூளும் தண்ணீருமாக விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தேய்த்தார். மேல் கண்ணாடி தேய்ந்து குழியும். அந்தக் குழிதான் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கும். தினமும் வேலை முடிந்து வந்ததும் இதே சுற்று. "செக்கு மாடு வந்திருச்சு" என்று மதினி தேநீர் வைப்பார். மழை விட்ட பிறகு படாக் மரப் பலகையில் நீளமாக ஒரு பெட்டி செய்தார். கண்ணாடிக்கு வெள்ளி பூச வேண்டும். போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் வெள்ளி உப்பு வாங்கி, மதினியின் பாத்திரத்தில் கலக்கி ஊற்றினோம். கறுப்புச் சேறு போல இருந்த தண்ணீருக்குள்ளிருந்து பளபளவென்று வெள்ளி ஏறி வந்தபோது, "ஏ செல்லம், வந்து பாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சந்திரனும் வியாழனும் அவரை ஒரு வாரத்துக்கு மேல் பிடித்து வைக்கவில்லை. அவர் தேடியது வேறு. நட்சத்திரங்களுக்கு நடுவே, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி ஒரு புகைத் திட்டு தெரியும். புத்தகத்தில் அதற்கு நெபுலா என்று பெயர். அவர் 'மங்கல்' என்றார். "இன்னிக்கு ஒரு மங்கல் பிடிச்சேன் பாபு" என்பார், மீன் பிடித்தவர் போல. புத்தகத்தின் கடைசியில் அவற்றின் பட்டியல் இருந்தது. பிரகாசமானவற்றை முதல் வருஷத்திலேயே முடித்துவிட்டார். மிச்சம் மிகவும் மங்கியவை. இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. வானம் திறக்கும் சில மாதங்களிலும் நிலா இல்லாத நாட்களே உதவும். அதனால் ஒரு மங்கலுக்கு ஒரு பருவம் முழுவதும்கூடக் காத்திருப்பார்.

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு வட்டம், நாலைந்து புள்ளி. "அவசரப்படாத. நேரா முறைச்சா ஓடிரும். கொஞ்சம் தள்ளிப் பாரு, ஓரக்கண்ணுக்கு வரும்" என்றார். என் தலைமேல் ஒரு சாக்கைப் போர்த்தி, தெருவெளிச்சம் படாமல் உட்கார வைத்தார். எதிர்வீட்டு ராஞ்சிக்காரர் வந்து, என்ன பூஜை நடக்கிறது என்று பயந்துபோய்க் கேட்டார். கால் மணி நேரம் கழித்து அது வந்தது. இருட்டில் யாரோ ஊதிவிட்ட மூச்சு போல. நான் அசையாமல் இருந்தேன். "வந்திருச்சுல்ல?" என்றார் அவர். நான் சொல்வதற்கு முன்பே.

பார்த்ததையெல்லாம், லாஞ்சின் பயணங்களைக் குறிக்கும் ஒரு பழைய லாக் புத்தகத்தில் பென்சிலால் வரைவார். பக்கத்தில் இரண்டு வரி. 'தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்த தடம்.' 'துவைத்த வேட்டியில் போகாத கறை.' ஒரு பக்கத்தில், 'இன்று தெரியவில்லை. இருக்கிறது.' உள்ளதை உள்ளபடி எழுதுவார். தெரியாததைத் தெரிந்ததாக ஒரு நாளும் எழுதியதில்லை.

பிறகு அந்த வருஷம் வந்தது. போன பருவத்தில் எளிதாகப் பிடித்த மங்கல்களை அவரால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. ரிஷப ராசியின் கொம்பு நுனியில் ஒன்று இருக்கிறது. நண்டு நெபுலா என்று புத்தகம் சொல்லும். அது அவருடைய பழைய சிநேகிதன் மாதிரி. எப்போது டெலஸ்கோப்பை வெளியே எடுத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். டிசம்பரில் அதைத் தேடிக் காணாமல், "உப்புக் காத்து வெள்ளியைத் தின்னுருச்சு" என்றார். கடலோரத்தில் வெள்ளி கறுப்பது உண்மைதான். கழற்றித் துடைத்து மறுபடி பூசினோம். அப்போதும் தெரியவில்லை. மறுபடியும் சுரண்டினார். சென்னையிலிருந்து வெள்ளி உப்பு வரவழைக்கக் கப்பல் மாலுமி ஒருவரைக் கெஞ்சினார். விரல்களெல்லாம் மருந்துபட்டுக் கறுத்திருந்தன. சாப்பிட உட்கார்ந்தால் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வேறு சிலவற்றையும் கவனித்திருந்தேன். ஜெட்டியின் கம்பத்தில் இருமுறை மோதிக்கொண்டார். மாலையில் வாசல் படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். ஒரு நாள் மதினி என்னை வேலியோரம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, இவுக அய்யாவுக்கு மாலைக்கண்ணு. நாப்பது வயசுக்கு மேல பொழுது சாஞ்சா கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணுமாம். அப்புறம் பகல்லயும் போயிருச்சாம். இவுக ஒரு வார்த்தை சொல்லல. நான் எங்க மாமியா சொல்லித்தான் அறிவேன்."

அவர் தினமும் சுறா எண்ணெய் குடிக்க ஆரம்பித்திருந்தார். தெலுங்கு மீனவர்களிடம் வாங்கி வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி. மாலைக்கண்ணுக்குச் சொல்லும் மருந்து அது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருமலுக்கு என்று அவராகவே சொன்னார்.

பிப்ரவரியில் ஒரு நாள், மூன்றாவது முறை வெள்ளி பூசிய கண்ணாடியைப் பெட்டியில் பொருத்தினார். வெயில் அடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நிலா இல்லை, ஒரு மேகத் துண்டுகூட இல்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பெட்டியை அரை விரல் அசைப்பார், நிறுத்துவார், மறுபடி அசைப்பார். மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கடைசியில் அண்ணன் சாக்கை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு பாபு."

குனிந்தேன். சாக்கைச் சரி செய்வதற்குள்ளேயே அது என் கண்ணில் இருந்தது. புது வெள்ளி. நான் அதற்கு முன் ஒரு நாளும் அவ்வளவு தெளிவாக அதைப் பார்த்ததில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவில் முட்டை வடிவில், சாம்பல் நிறத்தில், ஓரங்கள் பிய்ந்து. வட்டத்தின் நடுவில் குத்தி வைத்தது போல நேராக இருந்தது. அவர் அதைச் சரியாகத்தான் பிடித்து வைத்திருந்தார். அவருக்குத்தான் தெரியவில்லை.

"தெரியுதா?" என்றார்.

அவர் குரலில் இருந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லில் அவருடைய வேலை, வீடு, அப்பாவின் கடைசிக் காலம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. தெரிகிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே அவர் குருடர். நாளைக் காலையில் லாஞ்சின் சுக்கானைத் தொடக்கூடாதவர். நான் சாக்குக்குள் தலையை வைத்தபடியே சொன்னேன்.

"தெரியல அண்ணே. கண்ணாடி இன்னும் சரியா வரல போல."

"அப்பாடா" என்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிதான் போச்சு. செல்லம், கேட்டியா? வெள்ளிதான் போச்சு." மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அன்று அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன்.

ஆறு வாரம் கழித்து, மார்ச் கடைசியில், பாம்பூஃபிளாட்டிலிருந்து திரும்பும் லாஞ்சில் நானும் இருந்தேன். இங்கே பொழுது சீக்கிரம் சாயும். ஐந்தே முக்காலுக்குள் தண்ணீரும் கரையும் ஒரே நிறமாகிவிடும். முன்னால் கூலியாட்கள் இருபது பேர். நான் சுக்கானுக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டிமேல், பின்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டோங்கி! டோங்கி ஹை!" மீனவர்களின் சின்னப் படகுக்கு அப்படித்தான் சொல்வார்கள். திரும்பினேன். மங்கிய வெளிச்சத்திலும் அது எல்லோருக்கும் தெரிந்தது. குறுக்கே, இருபது முழத்தில், ஒரு ஆள் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க?" என்றார் வேலாயுதம் அண்ணன். நேராக அதைப் பார்த்தபடி. "பாபு, எங்க? எங்க இருக்கு?"

எஞ்சின் சத்தத்தில் அது என் ஒருவனுக்குத்தான் கேட்டது. நான் கையை நீட்டி இடதுபக்கம் என்று கத்தினேன். அவர் சுக்கானைத் திருப்பினார். போதவில்லை. பலகை உடையும் சத்தம் பெரிதாகக்கூட இல்லை. அந்த ஆளின் பெயர் அப்பாராவ். ஜங்கிலிகாட்டில் குடியிருந்த தெலுங்கு மீனவர். இரண்டு கூலியாட்கள் குதித்துத் தேடினார்கள். விளக்கு கொண்டுவந்து தேடினோம். மறுநாள் காலை அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு இடையில் உடல் கிடைத்தது.

அப்பாராவின் டோங்கியில் விளக்கு இல்லை. கான்ட்ராக்டர் அதையே பிடித்துக்கொண்டார். விசாரணைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, விளக்கில்லாததை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அதிகாரி பார்த்துக்கொள்வார் என்றார். அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். டெலஸ்கோப் பெட்டியைத் திண்ணமாகக் கயிறுபோட்டுக் கட்டி மூலையில் சாத்தியிருந்தார்.

"நாளைக்கு என் கண்ணைப் பத்திச் சொல்லப் போறேன் பாபு."

"அண்ணே, யாரும் கேக்கல. அவன் விளக்கு வைக்கல. அதுதான் நடந்துச்சு."

"நான் பாக்கல. அதுவும் நடந்துச்சு."

"லைசென்ஸ் போயிரும். சோத்துக்கு என்ன பண்ணுவீங்க? மதினியை நினைச்சுப் பாருங்க." அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினேன். அவருக்காகக் கெஞ்சுகிறேன் என்றுதான் அப்போது நம்பினேன். அவர் கண் பேச்சுக்கு வந்தால், அது எப்போதிலிருந்து கெட்டது, யாருக்குத் தெரியும் என்ற கேள்வியும் வரும். அதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

விசாரணையில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். டோங்கியில் விளக்கு இல்லை, இருட்டிக்கொண்டிருந்தது, சாரங்கு சுக்கானைத் திருப்பினார் என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. அதிகாரி எழுதி முடித்து, சாரங்கின் மேல் தவறில்லை என்று காகிதத்தை மூடப் போனார். அண்ணன் எழுந்தார்.

"சாப், மேரா ஆங்க் கராப் ஹை. என் கண்ணு கெட்டுப்போச்சு. பொழுது சாஞ்சா எனக்குத் தெரியாது. அந்த ஆளு எந்திரிச்சு நின்னு கையாட்டினதை லாஞ்சுல எல்லாரும் பாத்தாங்க. நான் பாக்கல."

எப்போதிலிருந்து என்று அதிகாரி கேட்டார். இந்தப் பருவத்திலிருந்து என்றார். வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத் தெரியும் சாப். அது போதாதா?" என்றார்.

லைசென்ஸ் போயிற்று. வேலை போயிற்று. ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டார்கள். நீங்கள் கூட்டத்தில் சொன்ன கதை இங்கே முடிந்துவிடுகிறது. அவருக்கு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜங்கிலிகாட்டுக்கு என்னோடு வா என்றார். மாலையாகிவிட்டிருந்தது, அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்து நடத்தியது அதுவே முதல் தடவை.

அப்பாராவின் மனைவி நூகம்மா வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அண்ணன் கைகூப்பி, தன் கண் கெட்டுப்போயிருந்ததையும், அதனால்தான் அவள் புருஷன் செத்ததையும், இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் அழவில்லை. கேட்டாள்: "ஆங்க் கராப் தா, தோ கியூ சலாயா?" கண் கெட்டிருந்தால் பிறகு ஏன் ஓட்டினாய்?

அண்ணன் தலை குனிந்து நின்றார். அந்தக் கேள்விக்கான பதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. குழந்தை சிணுங்கியது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அண்ணனும் மதினியும் சென்னைக்குக் கப்பலேறிப் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்தார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய், பரம்பரையாக வருவது, மருந்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மதினியின் அண்ணன் ரங்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறியிருந்தார். அங்கே போய்விட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில் மதினி தேநீர்க்கடை போட்டார். நான் கடிதம் எழுதுவேன். அவர் சொல்லச் சொல்ல மதினி பதில் எழுதுவார். ரங்கத்தின் இருட்டு ஷாதிபூர் இருட்டைவிட நல்ல இருட்டு என்று மற்றவர்கள் சொல்வதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

எட்டு வருஷம் கழித்துத்தான் ரங்கத்துக்குப் போனேன். அவர் கடைக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நேர் எதிரே ஒரு வைக்கோல் குழல் அளவுக்குத்தான் இன்னும் தெரிகிறது, பகலில் மட்டும் என்றார். டெலஸ்கோப்பின் படாக் பலகை கடையில் அலமாரித் தட்டாகியிருந்தது. அதன்மேல் பிஸ்கட் பாட்டில்கள். பஸ் போய்க் கூட்டம் கலைந்த பிறகு சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு அது தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. நான் பொய் சொன்னேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும் பாபு."

நான் அவரையே பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியலேன்னா ஆளு தலையை அசைச்சுத் தேடுவான். உன்னை எத்தனை தடவை பாத்திருக்கேன். அன்னிக்கு நீ குனிஞ்ச உடனே கல்லு மாதிரி நின்னுட்ட. மூச்சுகூட வரல. மங்கலைப் பாத்தாத்தான் மனுசன் அப்படி நிப்பான்." இன்னொரு டம்ளரை எடுத்துத் தண்ணீரில் முக்கினார். "சாக்கு சலசலப்பு நின்னதை என் காது கேட்டுருச்சு. கேட்டுட்டுத்தான் வெள்ளி போச்சுன்னு சொன்னேன். நீ பொய் குடுத்த. நான் ஆசையா வாங்கிக்கிட்டேன். மறுநாள் சுக்கானைப் பிடிச்சவன் நான்தானே."

அடுப்படியில் மதினி அசையாமல் நின்றிருந்தார். இந்தப் பொய் அதுவரை அவருக்குத் தெரியாது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்டிலை இறக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனார். நான் ஊர் திரும்பும் வரை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் கையெழுத்தில் எனக்கு வந்தது, கப்பலில் வந்த இந்தத் தாள் ஒன்றுதான்.

என் நெஞ்சில் ஏதோ இறங்கியது போல இருந்தது. இத்தனை வருஷம் நான் ஒருவனே சுமந்ததாக நினைத்ததை அவரும் சுமந்திருக்கிறார். பெருமூச்சு விட்டிருப்பேன் போலிருக்கிறது. அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

"லேசாயிருச்சா? ஆகக்கூடாது பாபு. என் பங்கை நான் போய்ச் சொல்லிட்டேன். அந்தப் பொம்பள கேட்டாளே, ஏன் ஓட்டினேன்னு. அதுக்கு ரெண்டு பேரு பதில் சொல்லணும். ஒரு ஆளுதான் சொல்லியிருக்கு."

போகிறேன் என்றேன். கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். திரும்பி வந்து, அடுத்த வாரம் என்றேன். மழை விடட்டும் என்றேன். கல்யாண வீடு, ஆபீஸ் வேலை, காய்ச்சல் என்று ஒவ்வொரு காரணமாக வந்துகொண்டேயிருந்தது. ஜங்கிலிகாட் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஐந்து வருஷம் போகவில்லை. மீன் வாங்கக்கூட அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அவர் கடிதங்களும் நின்றுவிட்டன. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் காய்ச்சலில் கிடந்தபோது, எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கிறார். செத்ததை மட்டும் சொல்லச் சொன்னாரா, வேறு எதையாவது நினைவூட்டச் சொன்னாரா என்று இனி யாரிடம் கேட்பேன்?

இரங்கல் கூட்டம் நடந்ததற்கு மறுநாள் போனேன். நூகம்மா வாசலில் வலைக்கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. சாரங்கு இறந்துவிட்டார் என்றேன். தலையசைத்தார். பிறகு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டெலஸ்கோப், வெள்ளி, சாக்கு, அவர் கேட்டது, நான் சொன்னது. அவர் கண் போய்விட்டது என்று அன்றே அவரிடம் சொல்லக்கூடியவனாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்றேன்.

நூகம்மா கயிற்றை மடியில் வைத்தார். "அந்தக் குழாய்க்குள்ளே என்ன தெரிஞ்சது உனக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

என்ன சொல்வது? எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் வெடித்த ஒரு நட்சத்திரம் என்று புத்தகம் சொன்னதைச் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்தால் அது வாயில் வரவில்லை. "கொஞ்சம் புகை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் திட்டு" என்றேன்.

"இத்னா ஹீ?" என்றார் அவர். அவ்வளவுதானா?

"அவ்வளவுதான்."

அவர் கடலைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தாங்கியிருப்பேன். ஒரு மரப்பெட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். "உட்கார். மகன் கடலுக்குப் போயிருக்கிறான். இருட்டுவதற்குள் வந்துவிடுவான். அவனிடமும் நீயே சொல்" என்றார்.

அண்ணனின் லாக் புத்தகம் மதினியிடம் இருக்கிறது. அது என் கைக்கு வராது, வரவும் கூடாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் எனக்கென்று பிரித்து வைத்துவிட்டுப் போன அந்தப் பங்கு மட்டும்தான். அது லேசாகவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர அதை என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அன்று அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. அப்பாராவின் மகன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையேறி வந்து, யார் இவர் என்று தாயிடம் கேட்டான். "இவரையே கேள்" என்றார் நூகம்மா. நான் எழுந்து நின்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.